மெட்டுப் போடுகிறவனுக்கு ஒரு பி.காம். யோசனை

எங்கள் ஊர் அமராவதிபுதூர். காரைக்குடிக்குப் பக்கம். சென்னையில் யாரிடமாவது சொன்னால், "ஆந்திராங்களா?" என்கிறார்கள். "இல்லை ஸார், கண்ணதாசன் படித்த ஊர்" என்று சொல்லிப் பாருங்கள், உட்கார நாற்காலி வரும். ஆள் கொஞ்சம் நல்லவராக இருந்தால் காபியும் வரும்.

சிறுகூடல்பட்டியில் 1927-ல் பிறந்த கவிஞர் எங்கள் ஊர்க் குருகுலத்தில்தான் எட்டாம் வகுப்பு வரை படித்தார். அதற்குமேல் படிக்கவில்லை. இன்றைக்கு அவர் பாட்டுகளை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்குகிறார்கள். நான் பி.காம். முடித்தவன். என்னை உட்கார்ந்து ஆராய்ந்த ஒரே ஆள், லோன் கேட்டபோது வீட்டுக்கு வந்த பாங்க் ஃபீல்டு ஆபீசர்தான்.

இந்தப் பக்கத்து மண்ணுக்கும் சினிமாப் பாட்டுக்கும் ஏதோ கொடுக்கல் வாங்கல் இருக்கிறது. காரைக்குடி ஏவி.மெய்யப்பன் கிராமபோன் ரிக்கார்டு வியாபாரத்தில் இருந்துதான் சினிமாவுக்கு வந்தார். 1940-களில் தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டூடியோ போட்டு 'நாம் இருவர்' (1947) எடுத்தார். இசை ஆர்.சுதர்சனம். கண்ணதாசனின் அண்ணன் ஏ.எல்.சீனிவாசன் தயாரித்த 'பணம்' (1952) படத்தில்தான் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் ஜோடியாக முதன்முதலில் இசையமைத்தார்கள். 'அன்னக்கிளி'யில் (1976) இளையராஜாவைக் கொண்டுவந்த பஞ்சு அருணாசலமும் சிறுகூடல்பட்டிக்காரர். 'ராஜா'வுக்கு முன்னால் 'இளைய' சேர்த்தவரும் அவரே. ஆக, வட்டிக்கு விட்ட பணத்தை வசூல் செய்தார்களோ இல்லையோ, எங்கள் ஆட்கள் மெட்டுப் போடுகிறவர்களைக் கரெக்டாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

நிற்க. இதெல்லாம் எதற்கு என்றால், என் சித்தப்பா பையனுக்கு ஒரு சினிமா சான்ஸ் வந்தது.

பையன் ஒரு பைனான்ஸ் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். மாதம் பொறந்தால் இருபதாயிரம். ராத்திரியில் திருவிழாக் கச்சேரிகளில் கீபோர்டு. சித்தப்பா ரிடையர் ஆனபோது வந்த பணத்தில் ஒரு பங்கு கம்ப்யூட்டராகவும் ஸ்பீக்கராகவும் மாறி மாடி அறையில் உட்கார்ந்திருக்கிறது. சித்தப்பா அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் கோயில் சன்னதியைக் கடப்பதுபோல் ஒரு விநாடி நின்று பார்த்துவிட்டுப் போவார். பக்தியா, வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியாது. ஒருநாள் பையன் வேலையையும் விட்டுவிட்டான். அடுத்த வாரம் ஒரு டைரக்டர் போன் செய்தார். சின்ன பட்ஜெட் படம், ஐந்து பாட்டு, ரீ-ரெக்கார்டிங், எல்லாம் சேர்த்து பாக்கேஜ் ஆறு லட்சம்.

பதினோரு பக்க அக்ரிமென்ட்டைத் தூக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் ஊரில் இன்னும் நம்புகிறார்கள்.

"அண்ணே, இதுல கையெழுத்துப் போடவா வேணாமா?"

"மொதல்ல ஒரு பேப்பரும் பேனாவும் எடு."

இசைக்கும் எனக்கும் உள்ள உறவு, ஆபீஸ் மேஜையில் பென்சிலால் தாளம் போடுகிற உங்களுடைய உறவு மாதிரிதான். ஆனால் கணக்கு வேறு. பாக்கேஜ் என்ற வார்த்தை இருக்கிறதே, அது இனிப்புத் தடவிய வார்த்தை. அந்த ஆறு லட்சம் சம்பளம் இல்லை. அதற்குள்தான் பாடகர்கள், வாசிக்கிற ஆட்கள், ஸ்டூடியோ வாடகை எல்லாம். இருவருமாக உட்கார்ந்து எழுதினோம். பாடகர்களுக்கு 1,20,000. வயலின், புல்லாங்குழல், நாதஸ்வரம், தவில் என்று நேரில் வந்து வாசிக்கிறவர்களுக்கு 1,60,000. ஸ்டூடியோ வாடகை 90,000. பாட்டுகளை மிக்ஸ் செய்து மெருகேற்ற ஒரு லட்சம். சென்னைக்குப் போக வர, லாட்ஜ், சாப்பாடு 50,000. ஹார்டு டிஸ்க், சாஃப்ட்வேர் 40,000. கூட்டினால் 5,60,000. மிச்சம் நாற்பதாயிரம். வேலை எட்டு மாதம். மாதத்துக்கு ஐயாயிரம்.

"பைனான்ஸ் கம்பெனில இதவிட நாலு மடங்குண்ணே" என்றான், யாரோ தலையில் தட்டினாற்போல.

"இன்னும் முடியலடா. பத்து பர்சென்ட் டி.டி.எஸ். பிடிப்பாங்க. ஆறு லட்சத்துக்கு அறுபதாயிரம். ஒன் கையில மிச்சமே நாப்பதுதான்."

அதாவது படத்துக்கு இசையமைக்க இருபதாயிரம் ரூபாய் கைக்காசு போட வேண்டும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்து ரீஃபண்டு வந்தால் வரும், அதுவரை கடன். செலவுச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருந்தால்தான் அதுவும் வரும். செட்டிநாட்டில் வருஷ முடிவில் ஐந்தொகை எடுப்பார்கள். மெட்டுப் போடும் முன்பே ஐந்தொகை எடுத்துவிட்டால் ராகம் சோகமாக வராது.

என் யோசனை இதுதான்: எந்தச் செலவு உன் கட்டுப்பாட்டில் இல்லையோ, அதைப் பாக்கேஜிலிருந்து வெளியே தள்ளு. பாடகர் யார் என்று தீர்மானிப்பது டைரக்டரும் தயாரிப்பாளரும். பெரிய குரல் வேண்டும் என்று கடைசி நிமிஷத்தில் அவர்கள் ஆசைப்பட்டால் பில் உனக்கு வரும். ஆகவே பாடகர் செலவும் மிக்ஸிங் செலவும் அவர்கள் கணக்கு. தொகையை நாலரை லட்சமாகக் குறைத்துக்கொள். செலவு 3,40,000. மிச்சம் 1,10,000. தொகை குறைந்து மிச்சம் கூடுகிற இந்த அதிசயத்தைப் பையன் மூன்று தடவை கூட்டிப் பார்த்தான். தயாரிப்பாளர் சம்மதிப்பாரா என்று அவனுக்குப் பயம். ஆனால் தனக்குத் தெரிந்த பாடகர்களைத் தானே பேசி மலிவாக முடித்துவிடலாம் என்று எல்லாத் தயாரிப்பாளருக்கும் ஒரு தன்னம்பிக்கை உண்டு. சம்மதித்தார்.

பணம் நாலு தவணை. கையெழுத்துப் போடும்போது ஒன்று, பாட்டுகளை ஒப்படைக்கும்போது ஒன்று, ரீ-ரெக்கார்டிங் தொடங்கும் முன் ஒன்று, கடைசி ஒலிக்கோப்புகளைக் கொடுக்கும் முன் ஒன்று. 'முன்' என்ற சொல்லுக்கு அடியில் நான் கோடு போட்டேன். 'பின்' என்று இருந்தால் அது படம் ரிலீஸுக்குப் பின், சாட்டிலைட் உரிமை விற்ற பின், தயாரிப்பாளரின் மகள் கல்யாணத்துக்குப் பின் என்று போய்க்கொண்டே இருக்கும்.

அப்புறம் ஏழாம் பக்கம் வந்தது. 'இந்த இசையின் சகல உரிமைகளும், தற்போதுள்ள மற்றும் இனி கண்டுபிடிக்கப்படப்போகும் சகல சாதனங்களிலும், பிரபஞ்சம் முழுவதும், நிரந்தரமாகத் தயாரிப்பாளருக்கே. இசையமைப்பாளர் ராயல்டியை விட்டுக்கொடுக்கிறார்' என்று இங்கிலீஷில் இருந்தது. செவ்வாய் கிரகத்தில் டீக்கடை போட்டு அங்கே இவன் பாட்டு ஓடினாலும் ஒரு டீ கிடைக்காது.

இந்த விஷயத்தில் நம் ஊர்க் கதையே ஒன்று உண்டு. பாரதியார் பாட்டுகளை ரிக்கார்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை ஒரு கட்டத்தில் மெய்யப்ப செட்டியாரிடம் இருந்தது. 'நாம் இருவர்' பாரதி பாட்டுகளால் பட்டி தொட்டியெல்லாம் ஓடியது. அடுத்த வருஷம் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் ஒரு பாரதி பாட்டு வந்தபோது, உரிமை எங்களுடையது என்று பிரச்னை கிளம்பியது. பாரதியை ஒருவர் சொந்தம் கொண்டாடுவதா என்று நாடே கேட்டது. 1949-ல் அரசாங்கம் உரிமையை எடுத்துக்கொண்டது. பாரதிக்காகச் சண்டை போட நாடு இருந்தது. என் சித்தப்பா பையனுக்காக யார் இருக்கிறார்கள்? நான்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், நெடுநாள் வரை தயாரிப்பாளர் பக்கமே சொல்லிக்கொண்டிருந்தது. படத்துக்காகக் காசு வாங்கிக்கொண்டு எழுதிய மெட்டு தயாரிப்பாளருடையதுதான் என்று 1977-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பிலேயே நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், கலைஞர்களுக்கு நியாயம் கிடைக்கச் சட்டத்தைத் திருத்தினால் தேவலை என்கிற மாதிரி ஒரு அடிக்குறிப்பு எழுதிவைத்தார். அடிக்குறிப்பு மேலே ஏற முப்பத்தைந்து வருஷம் ஆயிற்று. கவிஞர் ஜாவேத் அக்தர் ராஜ்யசபாவில் இதற்காக வாதாடினார். 2012-ல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தினார்கள்.

அதன்படி, தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் இசையமைப்பாளருக்குத் தனி ராயல்டி கிடையாது. மற்றபடி ரேடியோ, டி.வி., ஓட்டல், மேடை, செல்போன் என்று எங்கே பயன்பட்டாலும் உரிமை வாங்கியவரோடு சரிபாதிப் பங்கு. இந்தப் பங்கை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக்கொடுத்தாலும் செல்லாது. இன்னும் இரண்டு விஷயம் என்னைப் போன்ற பி.காம். ஆசாமிகளுக்கு லட்டு மாதிரி: உரிமை எத்தனை வருஷத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதவில்லை என்றால் ஐந்து வருஷம்தான். எந்தப் பிரதேசம் என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும்தான். அதனால்தான் வக்கீல்கள் ஞாபகமாகப் பிரபஞ்சத்தை எழுதுகிறார்கள்.

"அப்ப கையெழுத்துப் போட்டாலும் செல்லாதுல்லண்ணே? போட்டுட்டுப் போறேன்."

"செல்லாதுன்னு நிரூபிக்கக் கோர்ட்டுக்குப் போகணும். போவியா?"

யோசித்தான். பஸ் செலவிலேயே முடிந்துவிடும் என்று அவனுக்கே தெரிந்தது. அடித்துவிட்டு, பக்கத்தில் 'சட்டப்படியான ராயல்டி பங்கு இசையமைப்பாளருக்கு உண்டு' என்று ஒரு வரி எழுதச் சொன்னேன். ஐ.பி.ஆர்.எஸ். என்று மும்பையில் ஒரு சங்கம் 1969-லிருந்து இருக்கிறது. பாட்டு எழுதுகிறவர்களும் மெட்டுப் போடுகிறவர்களும் உறுப்பினராகலாம். பாட்டுகளைப் பதிவு செய்தால் வசூல் செய்து அனுப்புகிறார்கள். உறுப்பினரானால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும், பின்னணி இசையில் எந்தத் துண்டு எத்தனை நிமிஷம் என்ற பட்டியலையும் கொடுக்க வேண்டும். பேரேட்டில் ஏறாத வரவு வரவே இல்லை.

திருத்திய அக்ரிமென்ட்டைப் பார்த்த தயாரிப்பாளர் கேட்டாராம்: "தம்பி, நீங்க மியூசிக் போட வந்தீங்களா, ஆடிட் பண்ண வந்தீங்களா?" இரண்டு நாள் போன் இல்லை. அந்த இரண்டு நாளும் சித்தப்பா என் பக்கம் பார்க்கவே இல்லை. "நல்லா வந்த வாய்ப்ப சட்டம் பேசிக் கெடுத்துட்டான்" என்று சித்தியிடம் சொல்லியிருக்கிறார். எனக்கும் சோறு இறங்கவில்லை என்பது உண்மை. மூன்றாம் நாள் கூரியரில் கையெழுத்தோடு வந்தது. பிரபஞ்சம் அப்படியே இருந்தது. ராயல்டி வரி மட்டும் மாறியிருந்தது. பிரபஞ்சத்தை வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

இனிமேல்தான் இசை. இதில் என் சரக்கு தீர்ந்துவிட்டதால், கோடம்பாக்கத்தில் எனக்குப் பழக்கமான ஒரு ஓய்வு பெற்ற சவுண்ட் இன்ஜினீயரிடம் பையனை அழைத்துக்கொண்டு போனேன். ஒரு கட்டுரைக்காகப் போய்ப் பழக்கமானவர். வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் மூடுவதற்குள் ஒரு பாடம் நடந்து முடியும்.

பாட்டைப் பற்றி அவர் சொன்னது கொஞ்சம்தான். தத்தகாரத்தில் மெட்டுக் கொடுக்கும்போது எங்கே இழுக்கிறாய், எங்கே வெட்டுகிறாய் என்று பாட்டு எழுதுகிறவருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும். குறில் வந்து விழுகிற இடத்தில் நாலு மாத்திரை இழுத்தால் 'பட்டு' 'பாட்டு' ஆகிவிடும். "உன் பல்லழகு'ன்னு கவிஞர் எழுதி, நீ இழுத்த இழுப்புல 'பாலழகு'ன்னு கேட்டுச்சுன்னா அது காதல் பாட்டு இல்ல, ஆவின் விளம்பரம்" என்றார். பாடகர் வருவதற்கு முந்தின நாளே சுருதியைக் கேட்டு முடிவு பண்ணிவிட வேண்டும். ஸ்டூடியோ மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது சுருதி தேடுவது, ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டு அட்ரஸ் தேடுவது மாதிரி.

ரீ-ரெக்கார்டிங் என்று வந்ததும் மனிதருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் தியேட்டரில் ரீலைத் திரையில் ஓட்டுவார்கள். ஒரு ரீல் ஆயிரம் அடி, சுமார் பத்துப் பதினோரு நிமிஷம். படத்தைப் பார்த்துக்கொண்டே இசைக்குழு வாசிக்கும். கடைசி வயலின்காரர் கடைசி அடியில் தப்பு செய்தால் மறுபடி முதலிலிருந்து. இன்றைக்கு மவுஸைத் தட்டினால் போதும். "அதனாலதான் இப்ப யாரும் எங்க நிறுத்தணும்னு யோசிக்கறதில்ல" என்றார்.

நேரக் கணக்கு மாறவில்லை. சினிமா என்றால் விநாடிக்கு 24 ஃபிரேம். 1440-ஐ டெம்போவால் வகுத்தால் ஒரு தட்டுக்கு எத்தனை ஃபிரேம் என்று வந்துவிடும். டெம்போ 90 என்றால் பதினாறு ஃபிரேம். 120 என்றால் பன்னிரண்டு. 35 மி.மீ. பிலிமில் ஒரு அடிக்குப் பதினாறு ஃபிரேம், ஆக 90 டெம்போவில் ஒரு தட்டுக்குச் சரியாக ஓர் அடி பிலிம் ஓடும். எனக்கு இதைக் கேட்டதும் புல்லரித்தது. இசை என்பது இத்தனை நாள் மறைத்துவைக்கப்பட்ட காமர்ஸ்!

உதாரணம் ஒன்று சொன்னார். காட்சி தொடங்கிச் சரியாக 41-வது விநாடியில் கதவு சாத்துகிறது, அந்த இடத்தில் ஒரு அழுத்தம் விழ வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 90 டெம்போவில் அது அறுபத்தொன்றரைத் தட்டில், ரெண்டுங்கெட்டான் இடத்தில் போய் நிற்கும். டெம்போவை 87.8 ஆக்கினால் சரியாக அறுபது தட்டு முடிந்து, பதினாறாவது ஆவர்த்தத்தின் தலையில் கதவு சாத்தும். 90-க்கும் 87.8-க்கும் வித்தியாசம் யார் காதுக்கும் தெரியாது. கதவு தப்பினால் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்.

இந்தக் கணக்கெல்லாம் படத்தின் எடிட்டிங் முடிந்த பிறகுதான். 'இனி ஒரு ஃபிரேம்கூட வெட்டமாட்டோம்' என்று எடிட்டர் எழுதிக் கொடுக்காத காட்சிக்கு நேரடி வாத்தியக்காரர்களை வரவழைக்கக் கூடாது. மூன்று ஷாட் பறந்தால் முப்பதாயிரம் பறக்கும். வருகிற வீடியோ 24 ஃபிரேமா, டி.வி. மாதிரி 25 ஃபிரேமா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும். நூறு நிமிஷப் படம் 25-ல் ஓடினால் தொண்ணூற்றாறு நிமிஷத்தில் முடிந்துவிடும். உங்கள் இசை காலி கொட்டகையில் மேலும் நாலு நிமிஷம் வாசித்துக்கொண்டிருக்கும். அதேபோல் ஒலிக்கோப்பு 48,000-த்தில் வேண்டும். பாட்டு சி.டி.க்கான 44,100-ல் கொடுத்து, அங்கே யாரோ கவனிக்காமல் ஓட்டினால் உங்கள் கதாநாயகி ஹீலியம் குடித்தவள் மாதிரிப் பாடுவாள்.

டெம்ப் மியூசிக் என்று ஒரு பூதம். எடிட்டிங் செய்யும்போது சும்மா இருக்கட்டுமே என்று ஏதோ ஒரு இங்கிலீஷ் படத்து இசையைப் போட்டுவைப்பார்கள். அறுபது தடவை அதைக் கேட்ட டைரக்டருக்கு அது தாலி கட்டின மனைவி மாதிரி ஆகிவிடும். நீங்கள் போடுவது எதுவும் பிடிக்காது. இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' (1968) படத்துக்கு அலெக்ஸ் நார்த் என்பவர் மெனக்கெட்டு இசை எழுதினார். டைரக்டர் குப்ரிக், தற்காலிகமாகப் போட்டிருந்த பழைய சாஸ்திரிய இசையையே கடைசிவரை வைத்துவிட்டார். நார்த்துக்கு இது தெரிந்தது படம் பார்க்கப் போனபோதுதான். ஆகவே எடிட்டிங் தொடங்கும்போதே நம் மெட்டுகளில் நாலைந்தைப் பியானோவில் வாசித்து எடிட்டரிடம் கொடுத்துவிட வேண்டும். பழகிப்போகிற இசை நம்முடையதாகவே இருக்கட்டும்.

பையனின் படத்தில் முக்கியமான காட்சி ஒன்று. ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டை விற்கிறார்கள். எங்கள் பக்கத்தில் இது அன்றாடம் நடக்கிற விஷயம். பங்காளிகள் நாலு தேசத்தில் இருப்பார்கள், வீட்டைப் பராமரிக்க முடியாது, தேக்குத் தூணும் நிலைக்கதவும் பெயர்த்தெடுக்கப்பட்டுக் காரைக்குடியில் பழம்பொருள் கடைக்கு வந்துவிடும். படத்தில் கடைசியாகத் தங்கியிருந்த ஆச்சி வீட்டைப் பூட்டி, சாவியைப் புரோக்கரிடம் கொடுத்து, ஒரு வார்த்தை சொல்கிறார். தூண்களை ஏற்றிய லாரி போகிறது.

பையன் இதற்கு உயிரைக் கொடுத்து இசை போட்டிருந்தான். முகாரி சாயலில் வயலின் கூட்டம், நடுவில் ஷெனாய், கடைசியில் கோரஸ். டைரக்டர் கண்கலங்கிக் கட்டிப் பிடித்தாராம். ஊருக்கு வந்து அப்பத்தாவுக்கு லாப்டாப்பில் போட்டுக் காட்டினான். நானும் இருந்தேன். அப்பத்தா முழுசாகப் பார்த்தார்.

"பாட்டு நல்லாத்தேன் இருக்கு. அந்தக் கெழவி சாவியக் குடுக்கும்போது என்னப்பா சொன்னா?"

பையன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். படத்தின் ஆதாரமான வசனம் அது. அவன் வயலின்கள் அதை மென்று விழுங்கியிருந்தன.

இன்ஜினீயரிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. பேச்சுக்குரல் இருக்கிற அதே உயரத்தில் வயலினையோ புல்லாங்குழலையோ விட்டால் இரண்டும் சண்டை போடும் என்றார். பேச்சு வரும்போது இசை ஒன்று கீழே இறங்க வேண்டும், அல்லது அசையாமல் ஒரே சுரத்தில் நிற்க வேண்டும், அல்லது வாயை மூடிக்கொள்ள வேண்டும். பிறகு கேட்டார்:

"தம்பி, அந்த வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் எப்படிச் சத்தம் போடும்னு தெரியுமா?"

தெரியாமல் என்ன? செட்டிநாட்டு வாசல் கதவின் இரும்புத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் தெருமுனை வரை கேட்கும். "அதுக்கு மேல என்ன மியூசிக் போடப் போறே?" என்றார் அவர். ஏவி.எம்.மின் 'அந்த நாள்' 1954-ல் ஒரு பாட்டுகூட இல்லாமல் வந்ததையும், 'குருதிப்புனல்' (1995), 'கைதி' (2019) இரண்டும் பாட்டில்லாமல் ஓடியதையும் சொன்னார். பாட்டே இல்லாமல் படம் எடுக்க டைரக்டருக்கு எவ்வளவு தைரியம் வேண்டுமோ, அதில் பாதியாவது வேண்டும், ஒரு காட்சியில் வாசிக்காமல் இருக்க இசையமைப்பாளருக்கு. எனக்குத் தெரிந்து பல பேர் சும்மா இருந்தால் சம்பளம் குறைத்துவிடுவார்களோ என்று பயந்துதான் வாசிக்கிறார்கள். நம் ஆபீஸில் மேனேஜர் வரும்போது கீபோர்டைத் தட்டுகிற மாதிரி.

மாடி அறைக்குத் திரும்பி, பையன் அந்தக் காட்சியில் எல்லாவற்றையும் அழித்தான். அழிக்க இரண்டு நாள் ஆயிற்று, அதில் ஒன்றரை நாள் அழிக்கலாமா என்று யோசித்தது. தாழ்ப்பாள். சாவிக்கொத்து. ஆச்சியின் குரல். லாரி கிளம்புகிற சத்தம். லாரி திரும்பி மறைந்து, தெருவில் புழுதி அடங்கின பிறகு ஒற்றைப் புல்லாங்குழல், பதினெட்டு விநாடி. அவ்வளவுதான். டைரக்டருக்கு முதலில் கோபம். வயலின் எங்கே என்றார். அப்பத்தாவுக்குக் காட்டுங்கள் என்று சொல்ல முடியாதே, அதனால் இரண்டு வடிவத்தையும் கண்ணை மூடிக் கேட்கச் சொன்னான். பிறகு கண்ணைத் திறந்து பார்க்கச் சொன்னான். டைரக்டர் ஒன்றும் பேசாமல் எழுந்து வெளியே போய் சிகரெட் பிடித்துவிட்டு வந்து, "இதையே வெச்சிரு" என்றார்.

கடைசி வேலை, இசையைத் தனித்தனிக் கோப்புகளாகப் பிரித்துக் கொடுப்பது. ஸ்டெம் என்கிறார்கள். தாளம் ஒன்று, வயலின் வகையறா ஒன்று, தனி வாத்தியம் ஒன்று, குரல் ஒன்று. பேச்சு வருகிற இடத்தில் மிக்ஸிங் இன்ஜினீயர் வயலினை மட்டும் தணித்துக்கொள்ள அப்போதுதான் முடியும். எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கொடுத்தால், அவர் மொத்தத்தையும் அமுக்கிவிடுவார். மூன்று பிரதி எடுத்து ஒன்றை வேறு வீட்டில் வைக்க வேண்டும். ஒரு பிரதி என் பீரோவில், கல்யாணப் பட்டுவேட்டிக்கு அடியில் இருந்தது.

மிக்ஸிங் தேதி குறித்தாயிற்று. நாலாவது தவணை வரவில்லை. போன் செய்தால் தயாரிப்பாளர் மீட்டிங்கில் இருந்தார். சித்தப்பா, "குடுத்துரு, படம் நின்னு போச்சுன்னா ஒம்பேரு கெட்டுரும்" என்றார். நான், "அக்ரிமென்ட்ல 'முன்'னு இருக்கு" என்றேன். இருவரும் பையனைப் பார்த்தோம். சாயங்காலம் பாங்க்கிலிருந்து மெசேஜ் வந்தது, ஐம்பதாயிரம். அதாவது ஏறக்குறைய பாதி.

பையன் கொஞ்ச நேரம் மாடியில் உட்கார்ந்திருந்தான். பிறகு பாதியை அனுப்பிவிட்டான். தாளக் கோப்புகளை மட்டும்.

மறுநாள் காலை மிக்ஸிங் தியேட்டரிலிருந்து போன். ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, படம் பூரா வெறும் தவிலும் கஞ்சிராவுமா கேக்குதே? வயலின் எங்க?"

"மீதி வந்ததும் வயலின் வரும் ஸார்" என்றான் பையன், மிகவும் மரியாதையாக.

அந்தப் பக்கம் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. தயாரிப்பாளர் இல்லை. மத்தியானம் மூன்று மணிக்கு மீதி வந்துவிட்டது. பத்து பர்சென்ட் டி.டி.எஸ். பிடித்துக்கொண்டுதான்.